அங்கத்தவர் இடாப்புகளும் குடும்ப வரலாறும்: சகோதரத்துவச் சங்கப் பதிவேடுகளை வாசித்தல் பற்றிய ஒரு நோக்கு

தோற்றுவாய்

குடும்ப வரலாறு என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் வருவது வமிசாவளியே. இன்ன முதலியாரின் வழிவந்தோம், இன்ன உடையாரின் மரபினர் நாம் என்று நிறுவும் பொருட்டுத் தொகுக்கப்பட்ட அட்டவணைகள் குலப்பெருமைக்கும் காணியுரிமைக்கும் சான்றாக நின்றன. ஒரு குடும்பம் எவ்வாறு உழைத்துச் சீவித்தது, எதனால் இடம்பெயர்ந்தது, நோயையும் சாவையும் எவ்வாறு எதிர்கொண்டது என்பன பற்றி அவை பெரிதும் கூறுவதில்லை. ஆதலின் முற்போக்குச் சிந்தனையாளர் இத்துறையை ஐயத்துடன் நோக்கியமை வியப்பன்று. ஆயினும் குடும்ப வரலாறு உயர்குடியினரின் பொழுதுபோக்காக மட்டும் இன்று இல்லை. தச்சர், நெசவாளர், சுரங்கத் தொழிலாளர், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோர் ஆகியோரின் வழித்தோன்றல்களும் தம் முன்னோரைத் தேடுகின்றனர். அவர்களது தேடலுக்கு வமிசாவளிகள் உதவா. வேறு சான்றுகள் வேண்டும்.

அத்தகைய சான்றுகளுள் ஒன்று சகோதரத்துவச் சங்கங்களின் அங்கத்தவர் இடாப்பு. பிரித்தானியா, அயர்லாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளிற் பதினெட்டாம் நூற்றாண்டு முதலாகப் பெருந்தொகையான ஆடவரும், பிற்காலத்திற் பெண்டிரும், 'லொட்ஜ்' எனப்படும் மன்றங்களில் அங்கத்துவம் பெற்றிருந்தனர். அவற்றின் பதிவேடுகளைக் குடும்ப வரலாற்றுக்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கின்றது. இவ்விடாப்புகள் முன்னோரின் பெருமையைப் பேணுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. சந்தா யாரிடமிருந்து வரவேண்டும், உதவி யாருக்குச் செல்லவேண்டும், யார் கண்காணிக்கப்படவேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பதற்காக எழுதப்பட்டவை. அந்நோக்கங்களை மறந்து இவற்றை வாசிப்பவர் பெயரைக் காண்பார், மனிதரைக் காணமாட்டார்.

லொட்ஜ் என்னும் நிறுவனம்

'லொட்ஜ்' என்னும் சொல் ஆதியிற் கட்டடப் பணி நிகழும் இடத்திற் கல்தச்சர் கூடியிருந்து வேலைசெய்த கொட்டிலைக் குறித்தது. காலப்போக்கில் அங்கு கூடிய தொழிலாளர் குழுவையும், பின்னர் அத்தொழிலோடு எவ்விதத் தொடர்புமற்ற கனவான்கள் கூடிய மன்றத்தையும் அது குறிக்கலாயிற்று. ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிலுள்ள மேரி சப்பல் லொட்ஜின் கூட்டக் குறிப்புகள் 1599ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன. இலண்டனில் நான்கு லொட்ஜுகள் இணைந்து 1717இற் பெருமன்றம் ஒன்றை நிறுவின என்பது மரபு. 1721 என்பதே பொருந்தும் என அண்மைக்கால ஆய்வாளர் சிலர் வாதிடுவர். இவ்வாறு உருவானதே பிறீமேசன் அமைப்பாகும்.

பிறீமேசன்களிடையே வணிகர், வழக்கறிஞர், படை அலுவலர், நிலவுடைமையாளர் முதலியோர் மிகுந்திருந்தனர். கைத்தொழிற் புரட்சியை அடுத்து அவ்வமைப்பின் சடங்குகளையும் பெயர்களையும் தழுவித் தொழிலாளரின் பரஸ்பர உதவிச் சங்கங்கள் தோன்றின. 1810இல் மான்செஸ்ரர் நகரில் ஒட்பெலோ சங்கத்தின் மான்செஸ்ரர் ஒன்றியமும், 1834இற் பொறெஸ்ரர் சங்கமும், 1835இல் மதுவிலக்கை அடிப்படையாகக் கொண்ட றெக்கபைற் சங்கமும் உருவாயின. 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் உதவி நாடுவோரை வறியோர் இல்லத்துள் அடைக்க முற்பட்டது. அவ்வில்லத்துக்கும், பொதுச்செலவில் அடக்கஞ் செய்யப்படும் இழிவுக்கும் அஞ்சிய தொழிலாளி, வாராவாரம் சில பென்சுகளைச் சங்கத்துக்குச் செலுத்தினான். ஆதலின் ஒருவர் எவ்வகை லொட்ஜில் இருந்தார் என்பதே அவரது வர்க்க நிலையைப் பற்றிய முதற்குறிப்பாக அமைந்துவிடுகின்றது.

அரசு கோரிய பட்டியல்

இப்பட்டியல்களுட் சில அரசின் அச்சத்தாற் பிறந்தவை. பிரெஞ்சுப் புரட்சியின் எதிரொலியாகவும் ஐக்கிய அயர்லாந்தர் இயக்கத்தின் கிளர்ச்சியாலும் கலங்கிய பிரித்தானியப் பாராளுமன்றம் 1799இற் சட்டவிரோதச் சங்கங்கள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. பிறீமேசன் லொட்ஜுகளுக்கு மட்டும் அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. ஆண்டுதோறும் தம் அங்கத்தவரின் பெயர்ப்பட்டியலை அந்தந்தக் கவுண்டியின் காலாண்டு நீதிமன்ற இலிகிதரிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது அவ்விலக்குக்குரிய நிபந்தனை. இவ்விதி 1967 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. பெயர், தொழில், வதிவிடம் என்பன அடங்கிய இப்பட்டியல்கள் கவுண்டிச் சுவடிக்கூடங்களில் நீதிமன்றக் கோவைகளிடையே இன்றும் உள்ளன. லொட்ஜின் சொந்த ஏடுகள் அழிந்த இடத்தும் இவை கைகொடுப்பதுண்டு.

கனவான்களின் இரகசிய உறுதிமொழிக்கு இவ்வாறு சலுகை வழங்கிய அரசு, உழவுத் தொழிலாளரின் உறுதிமொழியை எவ்வாறு நோக்கியது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. டோசெற் கவுண்டியின் ரொல்படில் கிராமத்தில் கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்த ஜோர்ஜ் லவ்லெஸ் முதலிய அறுவர், லொட்ஜ் முறையிற் சத்தியப்பிரமாணம் செய்வித்தனர் என்பதற்காக, 1797ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ் 1834இற் குற்றவாளிகளாகக் காணப்பட்டு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றனர். மக்களின் எதிர்ப்பின் பயனாக 1836இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. செல்வரின் பெயர் சலுகைக்குரிய பட்டியலிலும் வறியவரின் பெயர் குற்றப் பத்திரிகையிலும் இடம்பெற்றமை தற்செயலன்று. தொழிலாளி ஒருவரின் அங்கத்துவத்துக்கு ஏடு கிடைக்காதவிடத்து, அவர் அங்கத்தவராய் இருந்ததில்லை என முடிவுகட்டுதல் தவறாகும். பெயர் எழுதப்படுதலே ஆபத்தாயிருந்த காலமும் உண்டு.

இங்கிலாந்தின் இடாப்புகள்

இங்கிலாந்தில் 1751 முதல் 1813 வரை ஒன்றையொன்று எதிர்த்த இரு பெருமன்றங்கள் இயங்கின. 1813 டிசம்பரில் அவை ஒன்றாயின. ஆகவே 1813க்கு முற்பட்ட ஒருவரைத் தேடுவோர் இரு வரிசை ஏடுகளையும் பார்த்தல் வேண்டும். பிற்கால இடாப்புகளில் பெயர், வயது, வதிவிடம், தொழில், அனுமதிக்கப்பட்ட திகதி, சந்தா செலுத்திய ஆண்டுகள், விலகல் அல்லது இறப்புப் பற்றிய குறிப்பு என்பன நிரல்களாக அமைந்துள்ளன. 1921 வரையிலான இவ்வேடுகள், அயர்லாந்தின் ஏடுகளுடன் சேர்த்து, 2015இல் இணையவழியில் வெளியிடப்பட்டன. இவ்விரு தொகுதிகளும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களைக் கொண்டவை.

இவற்றை வாசிப்போர் தடுமாறும் இடங்கள் சில உள. முதலாவது லொட்ஜின் இலக்கம். 1740, 1755, 1770, 1780, 1792, 1814, 1832, 1863 ஆகிய காலப்பகுதிகளில் லொட்ஜுகளின் இலக்கங்கள் முழுமையாக மாற்றியமைக்கப்பட்டன. ஆகவே ஒரே இலக்கம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஊர்களின் லொட்ஜுகளைக் குறிக்கும். வீட்டிலுள்ள பழைய சான்றிதழில் ஓர் இலக்கத்தைக் கண்டவர், அதன் திகதியையும் சேர்த்து நோக்காவிடின் தவறான ஊரிலே தேடிக்கொண்டிருப்பார். ஜோன் லேன் என்பார் 1886இல் வெளியிட்டு 1895இல் விரித்தமைத்த லொட்ஜ் அட்டவணை இச்சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே தொகுக்கப்பட்டது. இன்று அது இணையத்திலும் கிடைக்கின்றது.

இரண்டாவது வயது. அங்கத்துவத்துக்குரிய வயது பொதுவாக இருபத்தொன்று. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பிறந்த ஆண்டைத் துணிதல் பலரது வழக்கம். ஆனால் றட்யாட் கிப்ளிங் 1886 ஏப்பிரிலில் லாகூர் லொட்ஜிற் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபதே. சிறப்பு அனுமதியின் பேரிலேயே அவர் சேர்க்கப்பட்டார். அவர் 1865 டிசம்பரிற் பிறந்தவர் என்பதைப் பிற ஆவணங்களால் நாம் அறிவோம். அத்தகைய ஆவணம் எதுவும் எஞ்சாத சாதாரணர் ஒருவர் தொடர்பில் இவ்வாறான கணிப்பு எவ்வளவு எளிதில் பிழைக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மௌனம். சந்தா நிரல் திடீரென வெறுமையாகும்போது அதனை இறப்பெனக் கொள்ளுதல் எளிது. அது வறுமையாகவும் இருக்கலாம். இடமாற்றம், மனவேறுபாடு ஆகியவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம். கணக்கேடு வரவு நின்றதை மட்டுமே அறியும், காரணத்தை அறியாது.

இவ்வேடுகளிற் பெண்கள் காணப்படுவதில்லை. ஆயினும் அதே நிறுவனத்தின் அறப்பணிப் பத்திரங்களில் அவர்கள் தோன்றுகின்றனர். 1788இற் பெண்பிள்ளைகளுக்கும் 1798இல் ஆண்பிள்ளைகளுக்கும் பிறீமேசன்கள் கல்வி உதவித் தாபனங்களை நிறுவினர். தந்தையை இழந்த பிள்ளையைச் சேர்க்கும்படி தாய் சமர்ப்பித்த விண்ணப்பத்திலே திருமணம், பிள்ளைகளின் பிறப்பு, கணவனின் தொழிலும் நோயும், குடும்பத்தின் அன்றைய நிலை ஆகிய யாவும் கூறப்படவேண்டியிருந்தன. தந்தை உயிரோடிருந்த காலத்திலே ஒரு வரியில் அடங்கிய குடும்பம், அவர் இறந்தபின் பல பக்கங்களில் விரிகின்றது.

அயர்லாந்தின் இழப்பு

இப்பதிவேடுகளின் பெறுமதி அயர்லாந்திலேயே நன்கு புலப்படுகின்றது. 1922 யூன் இறுதியில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரின் நீதிமன்ற வளாகத்திலிருந்த அரச சுவடிக்கூடம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான குடிசன மதிப்பு ஏடுகளிற் பெரும்பகுதியும், மரண சாதனங்களும், அயர்லாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகளிற் பாதிக்கு மேற்பட்டவையும் சாம்பராயின. 1861 முதல் 1891 வரையிலான குடிசன ஏடுகளை அரசே முன்னர் அழித்துவிட்டிருந்தது. இதனால் முழுமையாக எஞ்சிய முதற் குடிசன மதிப்பு 1901ஆம் ஆண்டினதே.

பெருமன்றத்தின் இடாப்புகள் மோல்ஸ்வேர்த் வீதியிலுள்ள அதன் சொந்தக் கட்டடத்தில் இருந்தமையால் அத்தீயிலிருந்து தப்பின. அவை பெரும்பாலும் பெயரையும் திகதியையும் லொட்ஜையும் மட்டுமே தருவன. ஆனாற் குடிசன ஏடு அற்ற நாட்டில், ஒருவர் இன்ன ஆண்டில் இன்ன ஊரில் வாழ்ந்தார் என்னும் ஒரு வரியும் பெறுமதி மிக்கதே.

இங்கும் எச்சரிக்கை தேவை. பாப்பரசர் 1738இல் பிறீமேசன் அமைப்பைக் கண்டித்தபோதிலும் அயர்லாந்திற் கத்தோலிக்கர் பலர் தொடர்ந்து அதிற் சேர்ந்திருந்தனர். திருச்சபையின் கட்டுப்பாடு இறுகியபின் அவர்கள் விலகினர். கத்தோலிக்கரின் அரசியல் விடுதலைக்குத் தலைமை தாங்கிய டானியல் ஓகொனலும் இளமையில் மேசனாயிருந்து பின்னர் அதனை நிராகரித்தவரே. ஆகவே லொட்ஜ் ஏட்டிற் பெயர் கண்டதும் அவர் புரொட்டஸ்தாந்தர் எனத் துணிதலும், பெயர் நின்றதும் அவர் இறந்தார் எனத் துணிதலும் ஒருங்கே பிழையாகலாம்.

தொழிலாளரின் கணக்கேடுகள்

பரஸ்பர உதவிச் சங்கங்களின் ஏடுகள் உள்ளடக்கத்தில் வேறானவை. அங்கத்தவர் நோயுற்றால் வாராந்த உதவி. இறந்தால் ஈமச் செலவு. மனைவி இறந்தாலும் ஒரு தொகை. எனவே நோய்ப் பதிவேட்டில் ஒரு தொழிலாளி எத்தனை கிழமை வேலையிழந்தான் என்பதைக் காணலாம். ஈமக் கொடுப்பனவுப் பதிவில் மனைவியின் இறப்புத் திகதியைக் காணலாம். வேலை தேடி வேற்றூருக்குச் செல்பவருக்குத் தாய் லொட்ஜ் ஒருவகை விடுகைப் பத்திரம் வழங்கும். அதனைக் காட்டி அவர் புதிய ஊரின் லொட்ஜிற் சேர்வார். இரு ஏடுகளையும் இணைத்து நோக்கும் ஆய்வாளர், குடிசன மதிப்பு பத்தாண்டுக்கொரு முறை மட்டுமே காட்டும் இடப்பெயர்வை ஆண்டுக் கணக்கில் தொடர முடியும். 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம் இச்சங்கங்களை அரச காப்புறுதியின் முகவர்களாக ஏற்றுக்கொண்டது. 1948இற் சேமநல அரசு முழுமை பெற்றபோது அப்பணி முடிவுற்றது.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வியக்கம் ஆயுட் காப்புறுதியாக வளர்ந்தது. 1868இற் பென்சில்வேனியாவின் மீட்வில் நகரில் ஜோன் அப்சேர்ச் தொடங்கிய தொழிலாளர் சங்கத்தில், அங்கத்தவர் ஒருவர் இறக்கும்தோறும் ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு டொலர் செலுத்த, அத்தொகை குடும்பத்தைச் சேர்ந்தது. 1883இற் ஜோசப் றூட் நிறுவிய மொடேர்ன் வூட்மென் சங்கமும், அவரே 1890இல் நிறுவிய வூட்மென் ஒவ் த வேர்ல்ட் சங்கமும் இவ்வழியில் வந்தவை. இத்தகைய சங்கங்களின் விண்ணப்பப் பத்திரம் மருத்துவப் பரிசோதனையை உள்ளடக்கியது. பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோரின் வயது, இறந்தவராயின் இறப்பின் காரணம் என்பன அங்கே வினவப்பட்டன. காப்புறுதிப் பத்திரம் உரித்தாளியின் பெயரையும் உறவையும் கூறும். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பு ஏடுகள் 1921இல் நிகழ்ந்த தீயின் விளைவாக ஏறத்தாழ முற்றாக இழக்கப்பட்டமையால், 1880க்கும் 1900க்கும் இடைப்பட்ட இருபதாண்டு வெற்றிடத்தை நிரப்ப இப்பத்திரங்கள் பெரிதும் உதவுகின்றன.

ஆனால் இவை உண்மையை மறைப்பதற்கும் காரணம் உண்டு. மொடேர்ன் வூட்மென் சங்கம் நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளர், வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர், புகையிரதத் தடுப்பாளர், மதுச்சாலை நடத்துவோர் போன்றோரை அக்காலத்திற் சேர்க்கவில்லை. ஆபத்து மிகுந்த தொழில் செய்தவனுக்கே காப்புறுதி அதிகம் தேவை. அவனுக்கே அது மறுக்கப்பட்டது. இந்நிலையில் விண்ணப்பத்திற் காணப்படும் தொழிலை வேறு சான்றின்றி ஏற்றல் தகாது. பெற்றோரின் இறப்புக் காரணமும் இவ்வாறே. காசநோய் என எழுதுவது விண்ணப்பத்தைப் பாதிக்கும் என்பதை எழுதியவர் அறிந்திருப்பார்.

விடுதலை பெற்றோரின் ஏடுகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடும்ப வரலாற்றை ஆராய்வோர் 1870ஆம் ஆண்டில் ஒரு சுவரைச் சந்திக்கின்றனர். 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் அடிமைகள் பற்றிய அட்டவணையில் உடைமையாளரின் பெயர் இருந்தது; அடிமைகளின் பெயர் பொதுவாக இடம்பெறவில்லை. வயதும் பாலும் நிறமும் மட்டுமே குறிக்கப்பட்டன. அவர்கள் அனைவரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதற் குடிசன மதிப்பு 1870இல் எடுக்கப்பட்டதாகும். இத்தகைய மக்கள் தம் பெயரைத் தாமே எழுதி வைத்த இடங்களுள் லொட்ஜும் ஒன்று.

பொஸ்ரன் நகரிற் பிறின்ஸ் ஹோல் என்பவரும் வேறு பதினான்கு கறுப்பின ஆடவரும் 1775இல், பிரித்தானியப் படைப்பிரிவொன்றைச் சார்ந்த அயர்லாந்து லொட்ஜ் ஒன்றின் மூலம் மேசன்களாயினர். அமெரிக்க வெள்ளையர் லொட்ஜுகள் அவர்களை ஏற்காத நிலையில், இலண்டன் பெருமன்றம் 1784இல் அவர்களுக்கு அனுமதிப் பட்டயம் எழுதியது. 1787இலேயே அது அவர்கள் கையை அடைந்தது. 459 என்னும் இலக்கம் பெற்ற அவ்வாபிரிக்க லொட்ஜ், 1792ஆம் ஆண்டின் மாற்றத்தால் 370 ஆயிற்று. 1813இன் இணைப்பை அடுத்து இலண்டன் ஏட்டிலிருந்தே அது நீக்கப்பட்டது. எனினும் லொட்ஜ் தொடர்ந்து இயங்கியது. ஏட்டில் இல்லாமை இருப்பின்மை ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

பிறின்ஸ் ஹோலின் வாழ்க்கை வரலாறே மற்றொரு பாடமாகும். 1903இல் வில்லியம் கிறிம்ஷோ எழுதிய நூல் அவரைப் பார்படோஸ் தீவிற் பிறந்தவராகவும் ஓர் ஆங்கிலேயரின் மகனாகவும் காட்டியது. பின்வந்த ஆய்வாளர் அதற்கு ஆதாரமில்லை எனக் கண்டனர். அக்கால மசசூசெற்ஸ் பதிவுகளில் அதே பெயருடையோர் பலர் இருந்தமையும் வெளிப்பட்டது. பெருமைக்குரிய முன்னோருக்குப் பெருமைக்குரிய பிறப்பு வேண்டும் என்னும் ஆசை, நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட வமிசாவளி மனப்பாங்கே. ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றிலும் அது நுழைந்துவிட முடியும்.

1843இற் பீற்றர் ஒக்டன் என்னும் கறுப்பினக் கடலோடி, அமெரிக்க ஒட்பெலோ சங்கத்தின் நிறபேதத்தைக் கடந்து, இங்கிலாந்திலிருந்து நேரடியாகப் பட்டயம் பெற்று நியூயோர்க்கில் லொட்ஜ் அமைத்தார். 1867இல் பால்ரிமோர் நகரில் மேரி பிறவுற் தொடங்கிய சென். லூக் சங்கத்தை 1899 முதல் மகி லீனா வோக்கர் நடத்தி, 1903இல் றிச்மண்டில் வங்கியும் நிறுவினார். சலவைத் தொழிலும் வீட்டுப் பணியும் புரிந்த பெண்கள் அங்கத்தவராகவும் வைப்பாளராகவும் சொந்தப் பெயரிற் பதியப்பட்டனர்.

குடியேற்ற நாடுகள்

பேரரசு சென்றவிடமெல்லாம் லொட்ஜும் சென்றது. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமாரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் மேசனாக்கப்பட்டார். கடன்பட்ட நவாபுகளைக் கும்பினி தன் பிடிக்குள் கொண்டுவந்த காலம் அது என்பதை மறந்து அந்நிகழ்ச்சியைச் சகோதரத்துவத்தின் வெற்றியாக மட்டும் வாசித்தல் இயலாது. சாதாரண இந்துக்களுக்குக் கதவு நெடுங்காலம் திறக்கப்படவில்லை. கல்கத்தாவில் பிரசன்னகுமார் தத்தர் பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 1872இலேயே அனுமதி பெற்றார். கொழும்பில் 1838இல் ஆங்கிலப் பெருமன்றத்தின்கீழ்ச் சென். ஜோன்ஸ் லொட்ஜ் அமைந்தது. இவ்வாறான லொட்ஜுகளின் ஆண்டறிக்கைகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டமையால், குடியேற்ற நாடுகளில் வாழ்ந்தோரின் பெயர்களும் அங்குள்ள இடாப்புகளிலே தேடத்தக்கன.

ஆயின் ஆசிய நாட்டுப் பெயர்களை ஆங்கில நிரல்களில் அடைத்தல் எளிதன்று. குடும்பப் பெயர் என ஒன்று இல்லாத, தந்தை பெயரை முன்னிறுத்தும் தமிழ் வழக்கில், இறுதியில் நிற்கும் சொந்தப் பெயரே குடும்பப் பெயர் நிரலிற் சென்றுவிடக்கூடும். அவ்வாறாயின் தந்தையும் மகனும் தொடர்பற்ற இருவராகத் தோன்றுவர். தேடுவோர் எல்லா எழுத்து வடிவங்களையும் எல்லா வரிசைகளையும் முயன்று பார்த்தல் இன்றியமையாதது.

பட்டியல் ஆயுதமானபோது

பெயர்ப்பட்டியல் எந்நாளும் அதனை எழுதியவர் கையிலேயே இருப்பதில்லை. ஸ்பெயினிற் பிராங்கோவின் படைகள் கைப்பற்றிய லொட்ஜ் ஏடுகள் சலமன்கா நகரிற் குவிக்கப்பட்டன. 1940 மார்ச் 1ஆம் திகதியச் சட்டம் பிறீமேசன் அமைப்பையும் பொதுவுடைமை இயக்கத்தையும் ஒருங்கே குற்றமாக்கியது. அதன்கீழ் அமைந்த விசேட நீதிமன்றம் அங்கத்துவத்துக்கே பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கக்கூடியதாயிருந்தது. சந்தா ஏடுகளும் கூட்டக் குறிப்புகளும் தனிமனிதர் பற்றிய கோவைகளாகப் பிரித்து அடுக்கப்பட்டன. பிரான்சிலும் 1940இற் சங்கங்கள் கலைக்கப்பட்டு, 1941இல் அவற்றின் பொறுப்பாளர் பெயர்கள் அரச வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. 1983 யூலையில் வாக்காளர் இடாப்புகளைக் கையில் ஏந்தி வீடு தேடி வந்தோரைக் கண்ட நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

சலமன்காவின் அக்கோவைகள் இன்று வரலாற்று நினைவு ஆவண மையத்தில் உள்ளன. தாத்தா ஏன் வேலையிழந்தார், ஏன் அவரைப் பற்றி வீட்டில் எவரும் பேசவில்லை என்பதை அறியப் பேரப்பிள்ளைகள் அவற்றை நாடுகின்றனர். அடக்குமுறை தொகுத்த சான்றே நினைவை மீட்கும் சான்றாகின்றது. எனினும் அக்கோவைகளில் உள்ள 'மறுதலிப்பு' வாக்குமூலங்கள் அச்சுறுத்தலின்கீழ் எழுதப்பட்டவை. அவற்றிற் பிறர் பெயரும் கோரப்பட்டது. அங்குள்ள சொற்களை அம்மனிதரின் மனச்சாட்சியாக வாசித்தல் நீதியாகாது.

வாசிப்பு முறை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுக்கலாம். தேடல் வீட்டிலிருந்து தொடங்கவேண்டும். பழைய சான்றிதழ், பதக்கம், தோல் மேலாடை அணிந்த நிழற்படம், கல்லறைச் சின்னம் ஆகியவை எந்தச் சங்கம் என்பதைக் காட்டும். மட்டமும் கவராயமும் பிறீமேசனுக்குரியவை. மூன்று வளையச் சங்கிலி ஒட்பெலோவுக்குரியது. வெட்டப்பட்ட மரக்குற்றி வடிவக் கல்லறை பெரும்பாலும் வூட்மென் சங்கத்தினது. அடுத்துச் சங்கத்தின் பெயர், லொட்ஜின் இலக்கம், ஊர், ஆண்டு ஆகிய நான்கையும் சேர்த்தே உறுதிப்படுத்தவேண்டும். அதன் பின்னரே மத்திய இடாப்பும், லொட்ஜின் கூட்டக் குறிப்பும், உதவி விண்ணப்பங்களும் பயன்தரும். ஈற்றில், இடாப்பு கூறும் ஒவ்வொரு செய்தியையும் குடிசன மதிப்பு, பங்குப் பதிவு, பத்திரிகை முதலிய வேறொரு சான்றுடன் ஒப்புநோக்காது ஏற்றலாகாது.

முடிவுரை

சகோதரத்துவம் என்னும் சொல்லைப் பெயரிற் கொண்ட இச்சங்கங்கள் வர்க்கத்தாலும் நிறத்தாலும் பாலாலும் பிளவுண்டிருந்தன. அவற்றின் ஏடுகளும் அப்பிளவுகளின் வழியே எழுதப்பட்டவை. யார் பதியப்பட்டனர் என்பதோடு யார் விடப்பட்டனர், எதற்காகப் பதியப்பட்டனர் என்னும் வினாக்களையும் எழுப்பும்போதே குடும்ப வரலாறு குலப்பெருமையினின்று விடுபட்டுச் சமூக வரலாறாகின்றது.

நமது ஊர்களிலும் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. மாதச் சந்தா, அங்கத்தவரைச் சார்ந்தோர் பட்டியல், சாவு நிகழ்ந்த திகதி, வழங்கப்பட்ட தொகை என்பன அவற்றின் கொப்பிகளில் எழுதப்படுகின்றன. வமிசாவளி வைத்திராத குடும்பங்களின் பெயர்களும் அங்கே இருக்கும். கறையானுக்கும் போருக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பி எஞ்சியவை எவை என்பதைத் தேடுவதும், அவற்றை யார் பார்க்கலாம், யார் பார்க்கலாகாது என்பதை அந்தந்த ஊரவரே தீர்மானிக்க வழிசெய்து பேணுவதும் நமது ஆய்வாளர் முன்னுள்ள பணியாகும்.